டயர் விளக்கு எரியுதா? ரீசெட் பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி இதைப் படிங்க



காலையில் பள்ளிக்குக் கிளம்புகிற அவசரம். காரை ஸ்டார்ட் பண்ணினால் மீட்டரில் மஞ்சள் விளக்கு ஒன்று எரியுது. குதிரை லாடம் மாதிரி ஒரு வளைவு, அதன் நடுவில் நாம வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற உணர்ச்சிக்குறி. இறங்கி நாலு டயரையும் சுத்திப் பார்க்கிறீங்க, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. பத்து கிலோமீட்டர் ஓடினதும் விளக்கு தானாக அணைஞ்சிடுது. மறுநாள் காலையில் திரும்பவும் எரியுது. ஆசிரியர் அறையில் சொன்னால், "அது சென்சர் கெட்டுப்போயிருக்கும், விடுங்க டீச்சர்" என்று யாராவது சொல்வாங்க.

அப்படி விட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை. காலையில் எரிந்து பிறகு அணைகிற விளக்கு பெரும்பாலும் பொய் சொல்லுவதில்லை. டயரில் காத்து எல்லைக்கோட்டில் நிற்குது என்றுதான் சொல்லுது. உண்மையிலேயே பொய்யாக எரிகிற விளக்கும் உண்டு. ஆனால் அது வேறு மாதிரி நடந்துகொள்ளும். இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பெரிய மெக்கானிக் அறிவு எதுவும் தேவையில்லை. காத்து அளக்கிற கேஜ் ஒன்றும், மூன்று நாள் பொறுமையும் இருந்தால் போதும்.

முதலில் கண்ணை நம்பாதீங்க. இப்போதைய ரேடியல் டயர் சரியான காத்து இருக்கும்போதே அடியில் கொஞ்சம் பிதுங்கித்தான் நிற்கும். கால் பங்கு காத்து குறைந்தாலும் பார்ப்பதற்குக் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். காலால் உதைத்துப் பார்ப்பது இன்னும் மோசம்.

காலையில் மட்டும் ஏன் எரியுது?

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். முன் டயருக்கு இவ்வளவு, பின் டயருக்கு இவ்வளவு என்று காத்தின் அளவு போட்டிருக்கும். அது 230 கிலோபாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம். பழைய கணக்கில் சொன்னால் 33 பிஎஸ்ஐ. இது கார் ஓடாமல் ஆறி நிற்கும்போது இருக்க வேண்டிய அளவு. டயரின் ஓரத்தில் அச்சடித்திருக்கும் பெரிய எண் அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. அதைப் பார்த்துக் காத்து அடிக்கக் கூடாது.

படிவம் 4 இயற்பியலில் வருகிற வாயு விதி இங்கே அப்படியே வேலை செய்யுது. கன அளவு மாறாத இடத்தில் அடைபட்ட காத்தின் அழுத்தம் வெப்பத்தோடு ஏறும், வெப்பத்தோடு இறங்கும். கார் டயரைப் பொறுத்தவரை 10 பாகை செல்சியஸுக்குச் சுமார் 10 கிலோபாஸ்கல் என்று மனசில் வைத்துக்கொள்ளலாம். நினைவில் நிற்க வசதியான கணக்கு.

இப்போது நாம வழக்கமாகச் செய்கிறதைப் பாருங்க. பள்ளி முடிந்து மத்தியானம் இரண்டு மணிக்கு, வெயிலில் இருபது முப்பது கிலோமீட்டர் ஓட்டி வந்து, எண்ணெய் நிலையத்தில் காத்து அடிக்கிறோம். டயர் சூடு. மெஷினில் 230 வைக்கிறோம், அது 'டிங்' என்று அடிக்குது, திருப்தியாக வீட்டுக்குப் போகிறோம். இரவில் டயர் 25 பாகை ஆறிவிட்டால் மறுநாள் காலையில் உள்ளே இருப்பது ஏறக்குறைய 205தான். அதோடு, நல்ல டயரும் மாதத்துக்கு 7 கிலோபாஸ்கல் அளவுக்குத் தானாகவே இழக்கும். இரண்டு மூன்று மாதம் கவனிக்காமல் விட்டால் 185 பக்கம் வந்து நிற்கும். மழை பெய்து குளிர்ந்த ஒரு விடியற்காலை போதும், விளக்கு எரிந்துவிடும். ஓட ஓட டயர் சூடாகி அழுத்தம் ஏறினதும் அணைந்துவிடும். இதில் சென்சர் செய்த தப்பு என்ன?

கேமரன் மலைக்குக் குடும்பத்தோடு போகிறவங்களுக்கு இன்னொரு குழப்பம் உண்டு. தானா ராத்தாவில் விடியற்காலை 15, 16 பாகைதான் இருக்கும். விளக்கு எரியுது. ஆனால் கேஜ் வைத்துப் பார்த்தால் அளவு அவ்வளவு குறைவாகத் தெரியாது. காரணம் இதுதான்: நம்ம கேஜ் காட்டுவது டயருக்கு உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கும் வெளியே இருக்கும் காற்றழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம். 1,400 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தைவிடச் சுமார் 15 கிலோபாஸ்கல் குறைவு. அதனால் கேஜில் எண் கூடித் தெரியும். சில கார்களின் சென்சர் வெளிக்காற்றைக் கணக்கில் எடுக்காமல் உள்ளே இருப்பதை மட்டுமே அளக்கும். ஆகவே இரண்டும் இரண்டு விதமாகப் பேசும், இரண்டுமே உண்மை பேசும். மலையில் காத்து அடித்திருந்தால், இறங்கி வந்த மறுநாள் காலையில் இன்னொரு முறை அளந்துவிடுங்க.

ஒர்க்‌ஷாப்பில் "நைட்ரஜன் போட்டால் இந்தப் பிரச்சனையே வராது" என்பாங்க. சாதாரணக் காத்திலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். வெப்பம் குறைந்தால் அதுவும் இதே அளவுக்குத்தான் சுருங்கும்.

உங்க காரில் எந்த வகை?

இது தெரியாமல் மேலே போக முடியாது. ஒரு வகையில் ஒவ்வொரு சக்கரத்தின் உள்ளேயும், வால்வை ஒட்டி, சின்னச் சென்சர் இருக்கும். அழுத்தத்தை அளந்து ரேடியோ அலையில் காருக்கு அனுப்பும். மீட்டரில் நாலு டயருக்கும் தனித்தனியாக எண் தெரிகிறது என்றால் உங்க கார் இந்த வகை.

இன்னொரு வகையில் டயருக்குள்ளே எதுவுமே இல்லை. பிரேக்குக்காக இருக்கிற ஏபிஎஸ் சென்சர் சக்கரம் சுற்றுகிற வேகத்தைப் பார்க்கும். காத்து குறைந்த டயரின் ஆரம் ஒரு மயிரிழை குறையும், அதனால் அது மற்றதைவிடக் கொஞ்சம் வேகமாகச் சுற்றும். அதை வைத்து ஊகிக்குது. அளக்கவில்லை, ஊகிக்குது என்பதை நல்லாக் கவனிங்க. இந்த வகை கார்களில் ரீசெட் பட்டனோ, மெனுவில் ஒரு தேர்வோ இருக்கும். அதை அழுத்தினால், "இப்போ இருக்கிற நிலைதான் சரியான நிலை" என்று கார் மனப்பாடம் செய்துகொள்ளும்.

ஆபத்து இங்கேதான். ஆணி குத்தி மெதுவாகக் காத்து இறங்குகிற டயரோடு, விளக்கு தொல்லை தாங்காமல் ரீசெட் அழுத்துகிறீங்க என்று வைங்க. விளக்கு அணையும். ஆனால் குறைந்துபோன அந்த அளவையே சரி என்று கார் கற்றுக்கொண்டுவிடும். தப்பான விடைத்தாளை விடைக்குறிப்பு என்று கொடுத்த மாதிரி. அதற்குப் பிறகு இன்னும் ரொம்பக் குறைந்தால்தான் எச்சரிக்கும். ரீசெட் அழுத்த வேண்டிய நேரம் ஒன்றே ஒன்று: ஆறின டயரில், நாலிலும், ஸ்டிக்கர் அளவுக்குக் காத்து அடித்து முடித்த பிறகு.

இந்த வகை பொய்யாக எரிவதும் உண்டு. காத்து அடித்துவிட்டு ரீசெட் செய்யாமல் விட்டால் எரியலாம். இரண்டு டயரை மட்டும் புதுசாக மாற்றி மற்ற இரண்டு தேய்ந்திருந்தால் எரியலாம், ஸ்பேர் டயர் போட்டு ஓட்டினாலும் எரியலாம். மறுபக்கம், நாலு டயரிலும் ஒரே அளவில் மெதுவாகக் காத்து இறங்கினால் சாதாரண அமைப்புக்குத் தெரியாமலே போகலாம். விளக்கு எரியவில்லை என்பதால் காத்து சரியாக இருக்கு என்று அர்த்தமில்லை.

மூன்று நாள் பதிவு

நமக்குப் பதிவேடு எழுதுவது புதுசா என்ன! ஒரு கேஜ் வாங்கிக் காரில் போட்டு வையுங்க. எண்ணெய் நிலையத்து மெஷின் ஒன்றுக்கொன்று வித்தியாசப்படும், ஒப்பிட்டுப் பார்க்க எப்போதும் ஒரே கேஜ் வேண்டும். காலையில் காரை எடுப்பதற்கு முன் நாலு டயரையும் அளந்து எழுதுங்க. முதல் நாள் நாலையும் ஸ்டிக்கர் அளவுக்குச் சரிசெய்யுங்க, ரீசெட் இருந்தால் அப்போதே செய்யுங்க. அடுத்து மூன்று காலைகள் அளப்பது மட்டும்தான், காத்து அடிக்காதீங்க.

நாலும் 230 பக்கத்திலேயே நிற்குது, விளக்கும் எரியவில்லை என்றால் காத்து குறைவுதான் காரணம், கதை முடிஞ்சது. மூன்று 230-இல் நிற்க, ஒன்று மட்டும் 223, 215, 208 என்று இறங்கினால் அது பஞ்சர். விளக்கு எரிகிறதோ இல்லையோ, அன்றைக்கே ஒர்க்‌ஷாப் போங்க. செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சடக்கில் தினமும் போய் வருகிறவங்களுக்கு ஆணி மட்டும் காரணம் இல்லை. குழியில் விழுந்து ரிம் லேசாக நெளிந்தாலும் ஓரமாகக் காத்து கசியும். வால்விலும் கசியலாம். நம்ம அப்பா காலத்தில் வால்வில் எச்சில் தொட்டு வைத்துக் குமிழி வருதா என்று பார்ப்பாங்க. சோப்புத் தண்ணி போதும்.

மூன்று நாளும் நாலு எண்ணும் அசையவில்லை, ஆனால் விளக்கு எரியுது. இதுதான் உண்மையான பொய் எச்சரிக்கை. இங்கே விளக்கு எப்படி எரியுது என்று பாருங்க. ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் மினுக்மினுக் என்று சிமிட்டிவிட்டு அப்புறம் நிலையாக எரிந்தால், பொதுவாக அமைப்பிலேயே கோளாறு என்று பொருள். சக்கரத்துக்குள் இருக்கும் சென்சரின் பேட்டரி சாதாரணமாக 5 முதல் 10 ஆண்டு வரைதான் வரும். பெரும்பாலும் பேட்டரியைத் தனியாக மாற்ற முடியாது, சென்சரையே மாற்ற வேண்டும். எட்டு வயசான காரில் இது வந்தால் ஆச்சரியமில்லை.

சில நேரம் சிமிட்டும், சில நேரம் ஒன்றும் இல்லை என்றால் ரேடியோ தொல்லையாக இருக்கலாம். மலிவு விலை சார்ஜர், டாஷ்கேம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு இரண்டு நாள் ஓட்டிப் பாருங்க. உலோகம் கலந்த டின்டட் ஒட்டின பிறகுதான் ஆரம்பித்தது என்றால் அதையும் சந்தேகப்படலாம். பஞ்சருக்கு உள்ளே ஊற்றுகிற திரவம் சென்சரின் துளையை அடைத்துவிடுவதும் உண்டு. சில பெரிய கார்களில் ஸ்பேர் டயருக்கும் சென்சர் இருக்கும். நாலும் சரியாக இருந்து விளக்கு அணையாவிட்டால் பின்னால் கிடக்கும் ஐந்தாவதையும் அளந்து பாருங்க. டயரை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டபோது காருக்குச் 'சொல்லிக்கொடுக்க' மறந்திருந்தால், 'முன் இடது' என்று மீட்டர் காட்டும், குறைந்திருப்பது பின் இடதாக இருக்கும். ஆகவே எப்போதும் நாலையும் அளங்க.

நெடுஞ்சாலையில் எரிந்தால்

அமெரிக்கச் சட்டப்படி பரிந்துரை அளவில் 25 விழுக்காடு குறைந்தால் இந்த விளக்கு எரிய வேண்டும். ஃபயர்ஸ்டோன் டயர்கள் பிய்ந்து ஃபோர்ட் எக்ஸ்புளோரர் கார்கள் கவிழ்ந்து பலர் இறந்ததை அடுத்து, 2000-இல் அங்கே கொண்டுவந்த சட்டத்திலிருந்து பிறந்த விதி அது. 230-க்கு 25 விழுக்காடு குறைவு என்றால் 172. அதாவது சில கார்களில் விளக்கு எரியும்போதே டயர் ரொம்பக் குறைந்திருக்கும். காத்து குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக வளைந்து நெளிந்து சூடாகும். தீபாவளி விடுமுறைக்கு ஐந்து பேரும் மூட்டை முடிச்சும் ஏற்றிக்கொண்டு, மத்தியான வெயிலில், 110-இல் போகும்போது அந்தச் சூடு டயரைப் பிய்த்துவிடும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது புதுசாக எரிந்தால் திடீர் பிரேக் வேண்டாம். வேகத்தைக் குறைத்து, இடது தடத்துக்கு வந்து, அடுத்த ஓய்விடத்திலோ எண்ணெய் நிலையத்திலோ நிறுத்தி அளங்க. ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுத்தாலோ, தடதட என்று சத்தம் கேட்டாலோ அதுவரை காத்திருக்காமல் பாதுகாப்பாக ஓரங்கட்டி நிறுத்துங்க, ஆட்களை இறக்கித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்க வையுங்க. சூடான டயரில் 250 காட்டினால் "கூடிப்போச்சு" என்று காத்தைத் திறந்து விடாதீங்க. ஆறினால் அது 230-க்கு வந்துவிடும்.

அடுத்த முறை டயர் மாற்றும்போது, கழற்றுவதற்கு முன்னாடியே "உள்ளே சென்சர் இருக்கு" என்று ஒர்க்‌ஷாப்காரரிடம் சொல்லிடுங்க. தெரியாமல் கம்பியை வால்வுப் பக்கம் விட்டு நெம்பினால் சென்சர் உடைந்துவிடும். சென்சர் பழசாகியிருந்தால் டயரோடு சேர்த்து அன்றைக்கே மாற்றிவிடலாம், திரும்பக் கழற்றுகிற கூலி மிச்சம். வால்வு மூடிக்குப் பிளாஸ்டிக்கே நல்லது. பளபளக்கிற உலோக மூடி சென்சர் வால்வோடு அரித்து ஒட்டிக்கொண்டு பிறகு வரவே வராது. பள்ளிக்கூடத்துக் கார் நிறுத்துமிடத்தில் அடிக்கடி காணாமல் போவதும் அந்தப் பளபளப்பு மூடிதான்!