கையெழுத்து வீரருடையது, எழுத்து யாருடையது?

போட்டி முடிந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. தோற்ற அணியின் நட்சத்திர வீரர் பெயரில் ஒரு பதிவு வந்துவிடும். ரசிகர்களுக்கு நன்றி, சக வீரர்களுக்குப் பாராட்டு, அடுத்த முறை வெல்வோம் என்ற உறுதி, கூடவே நல்ல வெளிச்சத்தில் எடுத்த ஒரு படம். எழுத்துப் பிழை ஒன்றும் இருக்காது. வீரரோ அப்போது கணுக்காலில் ஐஸ் கட்டிக்கொண்டு உடை மாற்றும் அறையில் உட்கார்ந்திருப்பார். அப்படியானால் அதை எழுதியது யார் என்று கேட்பது குதர்க்கம் அல்ல. முன்னணி வீரர்கள் பலரின் எழுத்தில் இன்னொருவர் கை இருக்கிறது என்பது விளையாட்டு உலகில் ரகசியமே இல்லை. உதவி வாங்குவதில் தவறும் இல்லை. கவனிக்க வேண்டியது வேறொன்று: நீளமான எழுத்தில் அந்த இன்னொரு கை பட்டவர்த்தனமாகத் தெரிகிறது, எழுத்து சுருங்கச் சுருங்க அது மறைந்துபோகிறது. எதை வீரரே தன் கட்டைவிரலால் தட்டியது என்று நம்புகிறோமோ, அங்கேதான் நமக்குச் சொல்லப்படுவது மிகக் குறைவு.

புத்தகத்திலிருந்து தொடங்கலாம். 2019-இல் வெளிவந்த விஸ்வநாதன் ஆனந்தின் ‘மைண்ட் மாஸ்டர்’ நூலில் சூசன் நைனன் பெயரும் இருக்கிறது. 2024-இல் வந்த ரவிச்சந்திரன் அஸ்வினின் ‘ஐ ஹேவ் தி ஸ்ட்ரீட்ஸ்’ நூலை அவரோடு சேர்ந்து எழுதியவர் சித்தார்த் மோங்கா. சச்சின் டெண்டுல்கரின் ‘பிளேயிங் இட் மை வே’ நூலுக்கு போரியா மஜும்தார். ராமநாதன் கிருஷ்ணனும் ரமேஷ் கிருஷ்ணனும் தங்கள் டென்னிஸ் குடும்பத்தின் கதையைச் சொன்னபோது உடன் எழுதியவர் நிர்மல் சேகர். இவர்கள் செய்வது வெறும் தட்டச்சு வேலை அல்ல. மணிக்கணக்கில் பேச வைத்து, பதிவுசெய்து, முன்னும் பின்னுமாக வந்த நினைவுகளை வரிசைப்படுத்தி, ஸ்கோர் அட்டையோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து, எழுதியதை மீண்டும் வீரரிடமே கொடுத்து ஒப்புதல் வாங்குகிறார்கள். ஆந்த்ரே அகாசியின் ‘ஓபன்’ நூல் 2009-இல் வந்தபோது அதன் நடையைப் பலர் வியந்தார்கள். அதற்குப் பின்னால் இருந்தவர் புலிட்சர் விருது பெற்ற பத்திரிகையாளர் ஜே. ஆர். மோரிங்கர். அட்டையில் தன் பெயர் வேண்டாம் என்றது அவர்தான். அகாசி நூலுக்குள் அவருக்கு நன்றி சொல்லியிருக்கிறார். ஆக, புத்தகம் என்று வரும்போது ரகசியம் ஏறக்குறைய இல்லை.

பத்திரிகைப் பத்திக்கு வந்தால் கொஞ்சம் மங்கல். இது புதுப் பழக்கமும் அல்ல. அமெரிக்காவில் கிறிஸ்டி வால்ஷ் என்பவர் 1921-இலேயே பேஸ்பால் நட்சத்திரம் பேப் ரூத்தின் பெயரில் வேறு ஆட்களை எழுதவைத்து, அந்தக் கட்டுரைகளைப் பல நாளிதழ்களுக்கு விற்றார். கோஸ்ட் ரைட்டர் வைத்து எழுதுவது அன்றே ஒரு தொழிலாகிவிட்டது. இன்றும் வழக்கமான முறை எளிதானது: நிருபர் போனில் பத்து நிமிடம் பேசுவார், கிடைத்த நான்கு கருத்துகளை அறுநூறு சொல்லாக விரிப்பார், மறுநாள் வீரரின் படத்தோடு கட்டுரை வந்துவிடும். இதில் உள்ள ஆபத்தைக் கூடைப்பந்து வீரர் சார்ல்ஸ் பார்க்லி சிரிக்கச் சிரிக்கக் காட்டிக்கொடுத்தார். 1990-களின் தொடக்கத்தில், தன் சுயசரிதையிலேயே தான் சொன்னதைத் திரித்துவிட்டார்கள் என்று புகார் சொன்னார் அவர். அச்சாவதற்கு முன் ஒழுங்காகப் படித்துப் பார்க்கவில்லை என்பதற்கு இதைவிட வெளிப்படையான வாக்குமூலம் வேண்டியதில்லை. தமிழ் வார இதழ்கள் இந்த விஷயத்தில் ஒரு நல்ல வழக்கம் வைத்திருக்கின்றன. பிரபலம் ஒருவர் ‘நான்’ என்று பேசும் தொடரின் கீழே, ‘எழுத்தாக்கம்’ அல்லது ‘தொகுப்பு’ என்று இன்னொரு பெயர் சிறிய எழுத்தில் இருக்கும். பேசியவர் யார், எழுதியவர் யார் என்பது அந்த ஒரே வரியில் தெளிவாகிவிடுகிறது.

இணையத்தில் அந்த வரி காணாமல் போனது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின்போது வீரர்கள் வலைப்பதிவு எழுதலாம் என்று சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அனுமதித்தது. அது செய்திக் கட்டுரையாக இருக்கக் கூடாது, சொந்த அனுபவத்தை நாட்குறிப்பு போல எழுத வேண்டும் என்பது நிபந்தனை. ‘நான்’ என்று எழுதச் சொல்லி விதி போடலாம்; அந்த ‘நான்’ யார் என்று எப்படிச் சரிபார்ப்பது? 2021 பிப்ரவரியில் விவசாயிகள் போராட்டம் பற்றிப் பாடகி ரிஹானா பதிவிட்டதும், இந்திய விளையாட்டு, சினிமா பிரபலங்கள் பலர் ஒரே ஹேஷ்டேகுகளோடு பதில் பதிவு போட்டார்கள். அவற்றில் பாட்மின்டன் வீராங்கனை சாய்னா நேவாலின் பதிவும் நடிகர் அக்‌ஷய் குமாரின் பதிவும் சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருந்தன. அந்தக் கருத்து இருவருக்கும் மனதார உடன்பாடாக இருந்திருக்கலாம். ஆனால் ஒரே வாசகம் இரண்டு பேருக்குத் தனித்தனியே தோன்றியது என்று யாரும் நம்ப மாட்டார்கள். இதற்கு நேர் எதிரான கதை கெவின் டுரான்டுடையது. 2017-இல் இந்தக் கூடைப்பந்து வீரரின் அதிகாரபூர்வக் கணக்கிலிருந்து, அவரையே ‘அவர்’ என்று குறிப்பிட்டு, பழைய அணியையும் பயிற்சியாளரையும் குறைசொல்லிப் பதில்கள் வந்தன. வேறு கணக்கு என்று நினைத்துத் தட்டிவிட்டார் என்பது பரவலான ஊகம். பிறகு அவரே ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். வீரர் சொந்தக் கையால் எழுதுகிறார் என்பதற்கு நமக்குக் கிடைத்த உறுதியான சான்று, அவர் சறுக்கிய இடத்தில்தான் கிடைத்தது.

இதற்கு வலுவான மறுப்பு உண்டு. விளையாட்டு வீரரின் வேலை விளையாடுவது; எழுதுவது அல்ல. திருவள்ளூரைச் சேர்ந்த மனிஷா ராமதாஸ் 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் பாட்மின்டனில் வெண்கலம் வென்றபோது அவருக்கு வயது 19. அந்த வயதில் சர்வதேச மேடையில் நிற்கும் எந்த வீரரும் பயிற்சி, பிசியோ சிகிச்சை, பயணம், படிப்பு எல்லாவற்றையும் முடித்துவிட்டு, ஸ்பான்சர் கேட்கும் நாளில், ஸ்பான்சருக்குப் புரியும் ஆங்கிலத்தில் எழுதவும் வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? தமிழ் வழியில் படித்து வந்த கபடி வீரருக்கு அது இன்னும் கடினம். எழுதத் தெரிந்தவர் மட்டுமே பேசலாம் என்றால், ஆங்கிலப் பள்ளியில் படித்தவர்களின் குரல் மட்டுமே மிஞ்சும். இந்த வாதம் முழுவதும் சரி. ஆனால் உதவி ஏன் தேவை என்பதைத்தான் இது சொல்கிறது. உதவியை ஏன் மறைக்க வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. பயிற்சியாளர் பெயரையும் பிசியோ பெயரையும் மேடையில் பெருமையாகச் சொல்கிறவர்கள், எழுதிக் கொடுத்தவர் பெயரைச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

இரண்டாவது மறுப்பை வணிகம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். 1998-இலிருந்து மிட்சுபிஷி லேன்சர் காரைத் திருவள்ளூர் ஆலையில் தயாரித்தது இந்துஸ்தான் மோட்டார்ஸ். காரின் முகப்பில் இருந்தது மிட்சுபிஷி சின்னம். அதை வாங்கியவர் யாரும் ஏமாந்ததாகச் சொல்லவில்லை. பெயர் ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது என்பது கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ காக்களூர் தொழிற்பேட்டையிலோ வேலை பார்ப்பவருக்கு அன்றாடக் காட்சி. வீரரின் பெயரும் ஒரு பிராண்டுதானே என்று கேட்கலாம். வித்தியாசம் இருக்கிறது. காரை யார் தயாரித்தார்கள் என்பதைப் பார்த்து நாம் அதை நம்புவதில்லை. ஓட்டிப் பார்த்து, உத்தரவாதம் கேட்டு நம்புகிறோம். “இந்தக் காயத்திலிருந்து நான் இப்படித்தான் மீண்டேன்” என்ற வாக்கியத்தை ஓட்டிப் பார்க்க வழியில்லை. சொல்பவர் அனுபவித்தவர் என்பதுதான் அதற்கு உள்ள ஒரே மதிப்பு. அந்த அனுபவம் வீரருடையதாக இருந்து, வாக்கியம் மட்டும் இன்னொருவருடையதாக இருந்தால் பாதகமில்லை. அனுபவமே கடனாக வந்தது என்றால் அங்கே விற்கப்படுவது வெறும் பெயர்.

சொந்தமாக எழுதுகிறவர்களும் இல்லாமல் இல்லை. ஆஸ்திரேலிய கேப்டன் ரிச்சி பெனோ நிருபராகவே வேலை பார்த்தவர். இங்கிலாந்து கேப்டன் மைக் ஆதர்டன் ஓய்வுக்குப் பின் லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழின் தலைமைக் கிரிக்கெட் செய்தியாளரானார். ஆனால் இவர்கள் எழுத்தையே இரண்டாவது தொழிலாக எடுத்துக்கொண்டவர்கள். எல்லோருக்கும் இவர்களை அளவுகோலாக வைக்க முடியாது. எழுத்தே வேண்டாம், கேமரா முன் பேசினால் போதும், அங்கே பொய்க்கு இடமில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். அஸ்வினின் யூடியூப் சேனலுக்கு இவ்வளவு வரவேற்பு கிடைத்ததற்கு அவருடைய சென்னைத் தமிழும், பந்துவீச்சின் நுட்பத்தைத் தெருமுனைப் பேச்சு போல விளக்கும் பாங்கும் காரணம். அது அவர் குரல்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் அங்கும் ஒரு குழு இருக்கிறது, விருந்தினர்கள் இருக்கிறார்கள். 2025 ஏப்ரலில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணித் தேர்வு பற்றி விருந்தினர் ஒருவர் சொன்ன கருத்து சர்ச்சையானது. விருந்தினர்களின் கருத்து அஸ்வினின் தனிப்பட்ட கருத்து அல்ல என்று சேனல் நிர்வாகம் விளக்கம் கொடுத்தது; அந்த சீசனில் சென்னை அணியின் ஆட்டங்களைப் பற்றி இனிப் பேசப்போவதில்லை என்றும் அறிவித்தது. ஒருவர் பெயரில் ஓடும் இடத்தில் எது அவர் சொல், எது அவருடையதல்ல என்று பிரித்துச் சொல்ல வேண்டிய கட்டாயம் அங்கும் வந்தது. பிரித்துச் சொன்னது நல்ல முன்மாதிரி.

யார் எழுதினால் என்ன, படிக்க நன்றாக இருந்தால் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. நன்றி அறிவிப்புக்கும் பொங்கல் வாழ்த்துக்கும் அது போதும். ஆனால் அதே கணக்கில்தான் புரோட்டீன் பவுடரும் ஷூவும் வருகின்றன. ஷிப்டு முடித்து வந்து பஞ்சாயத்து மைதானத்தில் கபடி ஆடும் இளைஞர், சம்பளத்தில் ஒரு பங்கை எதற்குச் செலவழிப்பது என்பதை அந்தப் பதிவைப் பார்த்து முடிவுசெய்யக்கூடும். இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2021-இல் கொண்டுவந்த வழிகாட்டுதலும், நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட விளக்கமும், காசு வாங்கிப் போட்ட பதிவில் ‘விளம்பரம்’ என்று தெளிவாகக் குறிப்பிடச் சொல்கின்றன. தவறான விளம்பரத்துக்கு முகம் கொடுத்தவருக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. நான் எழுதவில்லை, ஏஜென்சி எழுதியது என்று சொல்லிக் கழன்றுகொள்ள விடுவது அந்த விதிகளின் நோக்கம் அல்ல. பெயர் போட்டவர் பொறுப்பேற்க வேண்டும். இது சரியான வரிசை: முதலில் பணத் தொடர்பு, பிறகுதான் யார் தட்டினார்கள் என்பது.

சட்டம் கேட்காத இரண்டாவது பாதியை வீரர்களே முன்வந்து செய்யலாம். கணக்கின் முகப்பில் ‘குழு நிர்வகிக்கிறது’ என்று ஒரு வரி, நீண்ட பதிவின் கீழே ‘எழுத்தாக்கம்’ என்று ஒரு பெயர், தானே எழுதியதற்குத் தன் முதலெழுத்து. இதனால் ரசிகர் விலகிப் போய்விட மாட்டார்; ஆனந்தின் நூல் அட்டையில் இன்னொரு பெயரைப் பார்த்து யாரும் ஆனந்தை மதிக்காமல் விடவில்லை. அந்த வரி வரும்வரை வாசகர் கையில் ஓர் உரைகல் இருக்கிறது. எந்த வீரரின் பெயரை மாற்றிப் போட்டாலும் பொருந்துகிற பதிவு யாருடையதும் அல்ல. எந்த ஓவரில் பிடியை மாற்றினார், எந்தப் புள்ளியில் கால் தளர்ந்தது, எந்த ஆலோசனையைக் கேட்காமல் விட்டார் என்று ஆடியவருக்கு மட்டுமே தெரிந்த ஒரு விவரம் உள்ளே இருந்தால், தட்டியது யாராக இருந்தாலும் அதைச் சொன்னவர் அவராக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதை நம்பலாம், மற்றதை விளம்பரப் பலகையைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு நகரலாம்.