களஞ்சியத்தின் சாவி யாரிடம்?



சென்ற ஆண்டு பொங்கல் விழாவுக்கு ஒரு வாரம் இருக்கையில் நம் சங்கத்தின் பதிவுப் பக்கம் பழுதாயிற்று. ஒரே வரியில் திருத்திவிடக்கூடிய பழுதுதான். ஆனால் நிரல் முழுவதும், படிப்பை முடித்துச் சென்ற அண்ணன் ஒருவரின் சொந்தக் கணக்கில் இருந்தது. எங்களால் அதைப் படிக்க முடிந்தது, திருத்த முடியவில்லை. அவருடைய பழைய தொலைபேசி எண்ணும் மாறிவிட்டது. நான்கு நாள் விசாரித்து அவரைக் கண்டுபிடித்தோம். அன்றிரவே களஞ்சியத்தைச் சங்கத்தின் பெயருக்கு மாற்றித் தந்தார். அவர்மேல் குற்றமில்லை. பொதுப் பொருளை ஒருவர் பெட்டியில் வைத்துவிட்டுச் சாவியை மறந்தவர்கள் நாம்.

ஆதலின், கூட்டாக எழுதும் நிரலைக் கிட்ஹப்பில் வைப்போர் மூன்று செய்திகளை அறிந்திருத்தல் வேண்டும்.

முதலாவது உடைமை. தனி ஒருவர் கணக்கிலுள்ள களஞ்சியத்துக்கு உரிமையாளர் அவர் ஒருவரே. உடன் எழுதுவோராகப் பிறரைச் சேர்க்கலாம். எனினும் அவர்களால் புதியவரைச் சேர்க்கவோ, களஞ்சியத்தை வேறிடம் மாற்றவோ இயலாது. 'ஆர்கனைசேஷன்' என்னும் அமைப்புக் கணக்கிலோ உரிமையாளர் பலர் இருக்கலாம். அதைக் கட்டணமின்றியே தொடங்கலாம். இருவரேனும் உரிமையாளராக இருங்கள். ஒருவர் முதலாண்டு மாணவராக இருப்பது நலம்.

இரண்டாவது பெயர். நாங்கள் பெற்ற களஞ்சியத்தின் பெயர் 'புதியது-2'. எது புதியது, எப்போது புதியது? யாருக்கும் விளங்கவில்லை. 'பொங்கல்-பதிவு' என்றால் அடுத்த ஆண்டு வருபவருக்கும் புரியும். களஞ்சியப் பெயரில் தமிழ் எழுத்து செல்லாது. ரோமன் எழுத்தில்தான் எழுத வேண்டும். பெயரை மாற்றினால் பழைய முகவரி புதியதற்கே வழிகாட்டும். ஆனால் பழைய பெயரில் இன்னொரு களஞ்சியம் தொடங்கினால் அவ்வழி அடைபட்டுவிடும்.

மூன்றாவது பார்வை. இதில்தான் நான் நாணம் அடைந்தேன். அக்களஞ்சியம் உலகோர் அனைவரும் காணத் திறந்திருந்தது. அதில் ஒரு கோப்பு. முந்தைய ஆண்டு பதிவு செய்தோரின் கைபேசி எண்கள், நம் சகோதரிகளின் எண்களும் சேர்த்து! உடனே கோப்பை அழித்தேன். கவலை தீர்ந்தது என்று எண்ணினேன். தீரவில்லை. 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் என்னும் கருவியின் இயல்பே பழைய நிலைகளை மறவாமல் வைத்திருப்பதுதான். இன்று அழித்தது நேற்றைய நிலையில் அப்படியே இருக்கும். களஞ்சியத்தை மறைத்தாலும், பிறர் முன்பே எடுத்த 'ஃபோர்க்' படிகள் வெளிப்படையாகவே நிற்கும். பழைய நிலைகளைத் திருத்தும் கருவிகள் உண்டு. ஆனால் பிறர் கைக்குப் போன படியை அவை மீட்டுத் தாரா. எண் வெளியானோர் ஒவ்வொருவரிடமும் சொல்லி மன்னிப்புக் கேட்டோம்.

நிரலைத் திறந்து வையுங்கள். இளையோர் பார்த்துக் கற்கட்டும். ஆனால் பிறர் எண்ணையும் கடவுச்சொல்லையும் அதில் ஒருபோதும் வைக்காதீர்கள். செயலாளர் மாறும் நாளில், சங்கத்தின் கணக்குப் புத்தகத்தோடு களஞ்சியத்தின் சாவியும் கைமாறட்டும்.