பழைய புல்லட் - ஓர் அமானிதம்

பழமை பேணுதல் ஏட்டுச்சுவடிகளோடு முடிவதன்று. இயந்திரங்களுக்கும் அஃது உரியதே. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் பிறந்த ராயல் என்ஃபீல்டு புல்லட் இதற்குத் தக்க சான்றாகும்.

1955இல் அந்நிறுவனம் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் இணைந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தோற்றுவித்தது. திருவொற்றியூரில் தொடக்கத்தில் பாகங்களைப் பொருத்தும் பணி மட்டுமே நடைபெற்றது. 1962 அளவில் அனைத்துப் பாகங்களும் இங்கேயே உருவாயின. பிறந்த நாட்டில் உற்பத்தி நின்ற பின்னர், 1977இல் நம் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று.

திண்டுக்கல் சமவெளியின் வெயிலும் புழுதியும் பழைய வண்டிக்குப் பகை. எனவே எண்ணெயை உரிய காலத்தில் மாற்றுதல், பாயிண்டைத் துடைத்து இடைவெளியைச் சீராக்குதல், இயந்திரம் குளிர்ந்திருக்கையில் டேப்பட்டைச் சரிபார்த்தல் ஆகியன இன்றியமையாதவை. இதன் நட்டுகள் பல பிரிட்டிஷ் அங்குல அளவின. மில்லிமீட்டர் ஸ்பேனரால் திருகினால் முனை மழுங்கும். அவற்றுக்குரிய ஸ்பேனரே வேண்டும்.

டாங்கில் கையால் தீட்டிய பொற்கோடு சற்று மங்கியிருப்பினும் அதனைச் சுரண்டிப் புதுவண்ணம் பூசுதல் தகாது. சுவடியைப் பதிப்பிப்பவர் மூலபாடத்தைத் தம் விருப்பம்போல் மாற்றுவதில்லை. சிதைந்ததை மட்டுமே செப்பம் செய்வார். பழைய வண்டியைப் பேணுவோர்க்கும் அதுவே நெறி. முன்னோர் கைத்திறன் நம்மிடம் உள்ள அமானிதம். கெடாது காத்து அடுத்தவர் கையில் ஒப்படைத்தலே நம் கடன்.