வீதியும் உரிமையும் – 9: எறிந்தவரை விட்டுப் பேசியவரை விரட்டினால்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கும் டியர்பார்ன், ஃபோர்டு நிறுவனத்தின் ஊர். கார் தொழிற்சாலை வேலைக்காக வந்த லெபனான், ஏமன் குடும்பங்கள் அங்கே தலைமுறைகளாக வாழ்கின்றன. ஆண்டுதோறும் ஜூன் மாதம் வாரன் அவென்யூவில் மூன்று நாள் அரபுத் திருவிழா நடத்தி வந்தார்கள். ராட்டினம், சாப்பாட்டுக் கடைகள், கச்சேரி எல்லாம் இருந்தன. நுழைவுக் கட்டணம் இருந்ததில்லை.

2012 விழாவுக்கு ‘பைபிள் பிலீவர்ஸ்’ என்ற சிறிய கிறிஸ்தவக் குழு வந்தது. சட்டையிலும் பதாகையிலும் இஸ்லாத்தை இழிவுபடுத்தும் வாசகங்கள். ஒருவர் தூக்கிப் பிடித்த கம்பின் நுனியில் வெட்டிய பன்றித் தலை. பிள்ளைகுட்டிகளோடு வந்தவர்களுக்கு நடுவே இதைச் சுமந்து நடப்பதைத்தான் அவர்கள் சமயப் பிரசாரம் என்றார்கள். எனக்கு அது குரூரமாகவே படுகிறது.

விடலைப் பையன்கள் கொதித்துப்போனார்கள். தண்ணீர் பாட்டில், முட்டை, குப்பை என்று பறந்தன. பால் கிரேட்டுகளும் வந்து விழுந்தன. குழுத் தலைவர் முகத்தில் ரத்தம் வழிந்தது. பக்கத்திலேயே இருந்த வேய்ன் கவுன்டி ஷெரிஃபின் அதிகாரிகள் எறிந்தவர்களை அடக்கப் பெரிதாக எதுவும் செய்யவில்லை. கடைசியில் குழுவிடம் வந்து, கிளம்புங்கள், இல்லாவிட்டால் ஒழுங்கீன நடத்தை என்று வழக்குப் போடுவோம் என்றார்கள். உங்கள் பேச்சுதான் அவர்களைத் தூண்டுகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம்.

இந்தக் காரணம் பழையது. சிகாகோவில் 1965 ஆகஸ்டில் நடந்ததைப் பாருங்கள். பள்ளிகளில் நிறப் பாகுபாடு ஒழிய வேண்டும் என்று கேட்டு, நகைச்சுவைக் கலைஞர் டிக் கிரிகோரி தலைமையில் ஓர் ஊர்வலம் மேயர் டேலியின் வீட்டுப் பக்கம் போனது. ஊர்வலத்தினர் வரிசை குலையாமல்தான் நடந்தார்கள். அக்கம்பக்கத்து வெள்ளையர்கள் ஆயிரத்துக்கும் மேல் திரண்டு, வசைபாடி, முட்டையும் கல்லும் வீசினார்கள். நிலைமை கைமீறுகிறது, கலைந்து போங்கள் என்று போலீஸ் சொன்னது ஊர்வலத்தினரிடம். மறுத்தவர்களைக் கைது செய்தது. குற்றச்சாட்டு? அதே ஒழுங்கீன நடத்தை. 1969-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனைகளை ஒருமனதாக ரத்து செய்தது.

கிரிகோரியையும் பன்றித் தலைக்காரர்களையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அன்றைய போலீஸ்காரருக்கு இருவருமே ஒன்றுதான்: கூட்டத்தின் கோபத்தைக் கிளறுகிறவர்கள். யார் நல்லவர் என்று தெருவில் நின்று தீர்மானிக்கும் அதிகாரத்தை அவரிடம் கொடுத்துவிட்டால், முதலில் அப்புறப்படுத்தப்படுவது எங்கேயும் ஆள்பலம் இல்லாதவர்கள்தான்.

டியர்பார்ன் வழக்கில் முதலில் கவுன்டிதான் ஜெயித்தது. மேல்முறையீட்டில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வும் அதன் பக்கமே நின்றது. 2015 அக்டோபரில் ஆறாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு அதை மாற்றியது. பேச்சுரிமை, சமய உரிமை, சட்டத்தின் முன் சமத்துவம் மூன்றுமே மீறப்பட்டன என்று நீதிபதி எரிக் கிளே எழுதினார். அந்தக் குழு யாரையும் வன்முறைக்கு ஏவவில்லை. கூடுதல் ஆட்களை அழைப்பது, எறிபவர்களைப் பிடிப்பது என்று பேசுபவரைக் காக்க உண்மையாக முயல வேண்டியது போலீஸின் கடமை. அந்த முயற்சியே இல்லாமல் அவரை வெளியேற்றக் கூடாது.

டியர்பார்ன் தாய்மார்களுக்கு இந்தத் தீர்ப்பு கசந்திருக்கும். தங்கள் தெருவிலேயே தங்கள் மதத்தைப் பழித்தவர்களுக்கு அரசு காவல் நிற்க வேண்டுமா என்று அவர்கள் கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. நாளை ஒரு முஸ்லிம் குழு வேறோர் ஊரில் பதாகையோடு நின்று, ஊரார் கல்லெடுத்தால், அவர்களும் இதே தீர்ப்பைக் காட்டித்தான் பாதுகாப்புக் கேட்க முடியும். இழந்தது என்னவோ அந்த ஊர்தான்: 2013-ல் விழாவே நடக்கவில்லை.

ராணுவ வீரர் ஒருவரின் இறுதிச் சடங்கு நடந்த இடத்துக்கு அருகே வெறுப்புப் பதாகைகளோடு நின்ற ஒரு திருச்சபையின் வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)