கொறங்காட்டுக்குக் காமிராவோடு போவோருக்கு

வனவிலங்குகளைப் புகைப்படம் எடுக்கும் ஆசை உண்டானவுடன் முதுமலைக்கும் வால்பாறைக்கும் பிரயாணம் புறப்படுவது நம் கொங்கு நாட்டு இளைஞர்களின் வழக்கமாகிவிட்டது. அந்த மலைகளின் சௌந்தரியம் பெரிதுதான். ஆயினும், வெள்ளகோவிலைச் சுற்றிலும் கிளுவை வேலிகளால் வகுக்கப்பட்டு, கொழுக்கட்டைப் புல் படர்ந்து, வெள்வேல மரங்கள் அங்கங்கே நிழல் விரிக்கக் கிடக்கிற கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலம், பொறுமையுள்ள ஓர் அமெச்சூர் புகைப்படக்காரருக்கு ஆயுள் முழுவதும் போதுமான பாடசாலை என்பது என் திடமான அபிப்பிராயம்.

மேற்கு மலைகளின் மழை மறைவில் கிடக்கும் பூமி இது. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று வருமேயொழிய, மழைக்கு ஐப்பசி, கார்த்திகை வரையில் காத்திருக்கவேண்டும். அந்த மழையில் புல் தழைத்து வெட்டுக்கிளிகள் பெருகியபின், தூர தேசங்களிலிருந்து வலசை வரும் பூனைப்பருந்துகள் புல் நுனியை உரசுவதுபோலத் தாழப் பறந்து இரை தேடுவதை மார்கழி, தை மாதங்களில் காணலாம். காங்கயம் மாடுகள் மேயும்போது கிளம்பும் பூச்சிகளுக்காக உண்ணிக்கொக்குகள் அவற்றின் காலடியிலேயே நடக்க, கரிச்சான் முதுகின்மேல் அமர்ந்து வருகிறது. மாடு, புல், பூச்சி, பறவை என்ற இந்தச் சம்பந்தத்தைக் காட்டாமல் பறவையை மட்டும் பிரித்தெடுத்த படம், எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், பாதி விஷயத்தைத்தான் சொல்லும்.

இத்துறையில் நமக்கு வழிகாட்டி மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வரான இவர் 1912-ல் பிறந்தவர். சந்தூர் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்தபின் சென்னைக்குத் திரும்பி, எழுத்தையும் காமிராவையும் ஜீவிதமாகக் கொண்டார். 1950-ல் ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் தொடங்கிய இயற்கைக் கட்டுரைத் தொடரை, 1996-ல் காலமாகும் வரையில் எழுதி வந்தார். கறுப்பு வெள்ளைப் படங்களிலேயே நிலைத்து நின்ற அம்மேதை, காட்டு யானைக்குக் கொடுத்த சிரத்தையை வீட்டருகே திரியும் அணிலுக்கும் காக்கைக்கும் கொடுத்தார் என்பதே நாம் கற்கவேண்டிய பாடம்.

கருவி சாமானியமாக இருப்பதில் குறையில்லை, பழக்கமே பிரதானம். நடந்து வரும் மனிதனைக் கண்டு எழும்பிவிடும் பனங்காடை, சாலையோரத்தில் என்ஜினை அணைத்து நிறுத்திய வண்டியைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. வானம்பாடியையும் கௌதாரியையும் எடுப்பவர் தரையோடு தரையாகப் படுத்து, அவற்றின் கண்மட்டத்துக்குக் காமிராவைத் தாழ்த்தவேண்டும். வெயில் ஏறிவிட்டால் வெப்பத்தில் காற்றே நடுங்கிப் படம் கலங்கிவிடுமாதலால், சூரியோதயத்தை அடுத்த வேளையே உத்தமம்.

கூடுகளை மட்டும் விட்டுவிடுங்கள். ஆள்காட்டிக் குருவி வெறுந்தரையில் முட்டையிடும் ஜாதி. படத்துக்காக நாம் நெருங்கி நிற்கும் நேரமெல்லாம், தாய் விலகியிருக்க, முட்டைகள் கோடை வெயிலில் வேகின்றன. நம்மைக் கவனித்திருக்கும் காக்கைக்கும் இடம் தெரிந்துவிடுகிறது. ஒரு தலைமுறையை அழித்துப் பெறும் படம் கலையாகாது.

அமெச்சூர்களின் உழைப்பு வீண்போவதில்லை. திருப்பூர் நஞ்சராயன் குளம் 2022-ல் பறவைகள் சரணாலயமாகி, 2024-ல் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்ததற்குப் பின்னே, உள்ளூர்ப் பறவை அன்பர்கள் பல்லாண்டுகள் சலியாமல் சேர்த்த குறிப்புகளும் படங்களும் இருக்கின்றன. கொறங்காட்டுக்கோ அத்தகைய பாதுகாப்பு இல்லை. அது தனியார் பட்டா நிலம். மாடு வளர்ப்பது கட்டுப்படியாகாதபோது வேலி பிரிக்கப்பட்டு, காடு மனையிடங்களாகிறது. அங்கே என்னென்ன ஜீவன்கள் வாழ்ந்தன என்று பிற்காலத்தார் கேட்டால், சாட்சி சொல்ல நம் படங்களாவது வேண்டாமா?

ஆகவே, அன்பர்களே, இந்தக் கார்த்திகையில் உங்கள் ஊர்க் கொறங்காட்டுக்குப் போங்கள். காட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு நுழையுங்கள். திறந்த படலைத் திரும்பச் சாத்துங்கள். எடுக்கும் ஒவ்வொரு படத்தோடும் தேதியையும் இடத்தையும் எழுதி வையுங்கள். நல்ல படம் ஒன்றை அந்தக் காட்டுக்காரருக்கே கொடுங்கள். தம் நிலத்தின் பெருமையை முதலில் அறியவேண்டியவர் அவர்தான்.