டமாஸ்கஸ் இரட்டைக் குழல் துப்பாக்கி

டமாஸ்கஸ் குழலில் ஓடும் அலைக்கோலம் யாரும் வரைந்ததல்ல. இரும்பு, எஃகுக் கீற்றுகளை முறுக்கி, தண்டில் சுற்றி, பழுக்கக் காய்ச்சி அடித்து ஒட்டியதில் பிறந்தது. 19ஆம் நூற்றாண்டுக் கொல்லர்களின் அரும்பணி.

வயதை அறியக் குழலின் அடிப்புறச் சோதனை முத்திரையைப் பாருங்கள். ‘நாட் ஃபார் பால்’ என்றிருந்தால் 1875–1887 காலத்து ஆங்கிலேயச் சோதனை. அதாவது, வாய் குறுகிய குழல், ஒற்றைக் குண்டுக்கு ஆகாது.

இத்தகைய துப்பாக்கிகளில் பல கருமருந்துக்கு மட்டுமே சோதிக்கப்பட்டவை. இன்றைய புகையில்லா மருந்து குழலையே பிளக்கலாம். பழைய தோட்டா அறை பெரும்பாலும் 65 மி.மீ.; இன்றைய 70 மி.மீ. தோட்டாவும் அதில் நுழைந்துவிடும், ஆனால் சுடும்போது விரிய இடமிருக்காது. அழுத்தம் எகிறும்.

தாத்தாவின் துப்பாக்கி பரணில் கிடைத்தால், இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமமும் தேர்ந்த துப்பாக்கிக் கம்மியரின் சோதனையும் இல்லாமல் சுடாதீர்கள்.