மின்மினியைச் சற்று ஒதுங்கிப் பாருங்கள்

கோல சிலாங்கூர், கம்போங் குவாந்தானில் இரவுப் படகேறப் போகிறீர்களா? தூரத்து பெரெம்பாங் மரத்தில் மங்கலாக மினுங்கும் ஒற்றை மின்மினியை நேராக உற்றுப் பார்த்தால் தெரியாமல் போகலாம். பார்வையைக் கொஞ்சம் பக்கவாட்டில் வைத்தால் தெரியும். விழித்திரையின் நட்டநடுவில் இருட்டில் உதவும் குச்சிச் செல்கள் இல்லை.

பகலில் கதையே வேறு. கையை நீட்டினால் கட்டைவிரல் நகம் மறைக்கும் அளவே உள்ள அந்த நடுப்பகுதியால்தான் எழுத்து படிக்கிறோம், முகம் அறிகிறோம். பின்மண்டையில் உள்ள பார்வைப் புறணியும் நடுப்பார்வைக்கே மிகப் பெரிய இடத்தை ஒதுக்கியிருக்கிறது. 1904-05 ரஷ்ய-ஜப்பான் போரில் தலையில் குண்டடிபட்டுப் பிழைத்த வீரர்களைச் சோதித்து, 1909இல் இதை வரைபடமாக்கினார் ஜப்பானியக் கண் மருத்துவர் தத்சுஜி இனோயே.

படகில் கைப்பேசியை அணைத்துவிடுங்கள், நேயர்களே. கண் இருட்டுக்கு முழுதாகப் பழகச் சுமார் அரை மணி நேரம் பிடிக்கும்.